குதிரைகளின் பல்

பொய்ப்பல் செய்வது என் தொழில்.
உலோகத்தின்மேல் பீங்கான் பூசி, சூளையில் சுட்டு,
நேற்றுவரை இல்லாத கடைவாய்க்கு
நாற்பது வருடத் தேய்மானம் இழைத்துக் கொடுப்பேன்.
சரகோசாவில் என்னை யாருக்கும் தெரியாது.
பாதி ஊர் என் கைவேலையைக் காட்டித்தான் சிரிக்கிறது.

காசு சேர்க்கத் தொடங்கியது போன நவம்பரில்.
ஞாயிற்றுச் சந்தை, எலெயுத்தேரியோவின் மேசை,
மண் அப்பிய வெண்கலத் துண்டுகள்.
கொண்டைக்கடலைபோல் அள்ளிக் காகிதப்பையில் போட்டார்:
பத்து, இருபது யூரோ.

முதல் காசை நானே கொன்றேன்.
எலுமிச்சைச் சாறு, பல் துலக்கும் பிரஷ்.
ஆயிரத்து அறுநூறு வருடம் மண் நெய்த பச்சைத் தோல்
கால்மணி நேரத்தில் உரிந்தது.
குளியலறைக் குழாய்போல் பளபளத்தான் ஒரு பேரரசன்.
"ஆறு யூரோ பெறும்" என்றார் எலெயுத்தேரியோ,
"நீ குளிப்பாட்டும்வரை பெற்றிருக்கும்."

அதன்பின் காய்ச்சி வடித்த நீர்.
வாரக்கணக்கில் ஊறல்.
பல்லிடுக்குக் கொக்கி, உருப்பெருக்கியின் அடியில்
முதலில் ஒரு மூக்கு,
பிறகு பிடரியில் விழும் நாடா,
பிறகு எழுத்துகள்: மூன்று தெளிவு, இரண்டு ஊகம், மிச்சம் காற்று.
பட்டியலைப் புரட்டினால் அதே மூக்குடன் நால்வர்.
அப்பனும் பிள்ளைகளும்,
ஒரே பெயரை ஒரே சட்டைபோல் மாற்றி மாற்றிப் போட்டவர்கள்.

மார்ச்சில் வெள்ளி ஆசை வந்தது.
ஒரு பக்கம் தலைக்கவசப் பெண்;
மறுபக்கம் தேர், பாயும் நான்கு குதிரைகள்,
குளம்புக்கடியில் ரோமின் பெயர்.
தொண்ணூறு யூரோ.
தானமாய் வந்த குதிரையைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
இது விலைக்கு வந்தது.
நான்கு வாயையும் திறந்து பார்த்தேன்.

தங்கக் கலவை நிறுக்கும் தராசில்
மூன்று புள்ளி ஒரு கிராம்.
நாலைத் தொட்டிருக்க வேண்டும்.
துடைத்து வைத்தேன். ஊதி வைத்தேன்.
தராசுக்கு வெட்கமே இல்லை.

விளிம்பில் ஒரு வெட்டு, நகக்கண் அகலம்.
அடியில் செம்பு.
ஈறு பின்வாங்கிய இடத்தில்
பீங்கானுக்கடியில் உலோகம் எட்டிப் பார்க்குமே, அப்படி.
எனக்கு நன்றாகத் தெரிந்த நோய்.

சியெர்சோ காற்று மேசைவிரிப்புகளைப் பிடுங்கிய ஞாயிறு
சண்டைக்குத்தான் போனேன்.
எலெயுத்தேரியோ லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார்.
காது சிவந்தது; குளிராலும் இருக்கலாம்.
"நானும் ஏமாந்திருக்கிறேன்.
ஆனால் நம்மை ஏமாற்றியவன் செத்து
இரண்டாயிரம் வருடம் ஆகிறது."
வார்ப்புத் தையல் இல்லை.
வெட்டுக்குள்ளேயே பழைய களிம்பு.
செம்பின்மேல் வெள்ளித் தகடு போர்த்தி
அன்றைக்கே அடித்த கள்ளக்காசு.
"இதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. முப்பத்தைந்து சொல்லலாம்."
ரசீதை அடித்துத் திருத்தினார்: அசல் போலி.
ஐம்பத்தைந்தைத் திருப்பி எண்ணி வைத்தார்,
சில்லறையில் இரண்டு யூரோ குறைய.
நாணயமான மனிதர். கேட்காமல் வந்துவிட்டேன்.

ஆனால் அந்த வெட்டு தூங்கவிடவில்லை.
எங்கோ ஒரு சந்தையில், எண்ணெய்க்கோ கழுதைக்கோ ஈடாக வந்ததை
உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து
யாரோ முகம் சுளித்திருக்கிறார்.
எனக்கிருந்த அதே சந்தேகம், கையில் உளி.
தேர் கெடாமல், குதிரைகளுக்கு வலிக்காமல்
ஓரமாய் ஒரு கொத்து.
செல்லாக்காசு என்று தெரிந்தபின் என்ன செய்தார்?
ஆற்றில் வீசினாரா?
அல்லது வெட்டை விரலால் மறைத்துக்கொண்டு
விளக்கு மங்கிய அடுத்த கடைக்கு நடந்தாரா?

அட்டையில் எழுதினேன்:
எடை 3.1. விட்டம் பதினெட்டு மில்லிமீட்டர்.
வெட்டு ஒன்று.
'செய்தவர்' என்ற இடத்தில் பேனா நின்றது.
என் பற்களிலும் என் பெயர் கிடையாது.

சூளை மணி அடிக்கிறது.
ஒரு பேருந்து ஓட்டுநரின் முன்பல், வெந்து வெள்ளையாய்.
மிகவும் வெள்ளை.
கொஞ்சம் காப்பிக்கறை சேர்த்தால்
நம்புவார்கள்.